454 கிராம் போர் ரோபோ: முதல் முயற்சியிலேயே சுழல் ஆயுதம் வேண்டுமா?

கோட்டையூர் மாணவன்:
வணக்கம். நானும் என் வகுப்புத் தோழனும் காரைக்குடியில் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறோம். மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட் விழாவில் நடக்கும் ரோபோவார்ஸ் காணொளிகளைப் பார்த்த ஆர்வத்தில், 454 கிராம் எடைப் பிரிவுக்கு ஒரு போர் ரோபோ கட்டத் தொடங்கியிருக்கிறோம். 80 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகு வட்டு ஒன்றை முன்புறம் செங்குத்தாகச் சுழலவிட்டு ஆயுதமாக்குவது எங்கள் எண்ணம். உடலுக்குப் பெயர்ப்பலகைக் கடையில் வெட்டித் தரும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் போதுமா? சக்கரங்களுக்கு என்20 எனும் சிறிய கியர் மோட்டார்கள் இரண்டு வாங்கிவிட்டோம். வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பழகலாம் என்றிருக்கிறோம். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை லேத் பட்டறை:
தம்பி, வட்டிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொல்லும் அளவுக்கு அது ஏறத்தாழ 79 கிராம் வரும். அதாவது மொத்த எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அதைச் சுழற்றும் பிரஷ்லெஸ் மோட்டார், அச்சு, பேரிங், இவற்றைத் தாங்கும் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்தால், ஓடுவதற்கும் அடி வாங்குவதற்கும் எடை மிஞ்சாது. அந்த வட்டு நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதில் சேரும் ஆற்றல் 22 ஜூலுக்குக் குறையாது. உங்கள் ரோபோவையே 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் கிடைக்கும் ஆற்றல் அவ்வளவுதான். எதிராளியை அடிக்கும்போது அதே அதிர்ச்சி உங்கள் அச்சுக்கும் சட்டத்துக்கும் திரும்பி வரும் என்பதைப் புதிதாகக் கட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். துளை மையத்திலிருந்து சிறிது விலகினாலும் ரோபோ நடுங்கத் தொடங்கிவிடும். போதாததற்கு, செங்குத்தாகச் சுழலும் வட்டு, திசை மாற்றத்தை எதிர்க்கும் கைரோ விசையால், ரோபோ திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பாலிகார்பனேட் எனும் உறுதியான பிளாஸ்டிக் அடைப்புக்குள் அல்லாமல் இதைச் சுற்றவே கூடாது. முற்றத்தில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் எண்ணமிருந்தால் இன்றே கைவிடுங்கள்.

பள்ளத்தூர் ரோபோ ஆர்வலர்:
அண்ணன் சொன்னதுடன் முழுக்க உடன்படுகிறேன். முதல் ரோபோவுக்கு, எதிராளியின் அடியில் நுழையும் முன்புறச் சரிவுத் தகடு மட்டும் போதும் என்பது என் கருத்து. இந்த எடையில் பல ஆட்டங்கள் ஆயுதத்தால் அல்ல, சக்கரம் கழன்றோ ஒயர் பிடுங்கிக்கொண்டோ நகர முடியாமல் போவதால்தான் முடிகின்றன.

அக்ரிலிக் வேண்டாம், திருகுத் துளையிலிருந்தே விரிசல் ஓடிச் சில்லுச் சில்லாக உடையும். பாத்திரக் கடையில் விற்கும் காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகை பெரும்பாலும் எச்டிபிஇ பிளாஸ்டிக்தான். அது நசுங்குமே தவிர உடையாது, ரம்பத்தால் அறுக்கவும் எளிது. மேல்மூடிக்குப் பாலிகார்பனேட் போடலாம். ஆனால் அதில் திருகு கழலாமல் இருக்கத் த்ரெட் லாக்கர் பசையைத் தடவிவிடாதீர்கள். அது பாலிகார்பனேட்டில் விரிசல் விழ வைக்கும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளே பாதுகாப்பானவை. சக்கரத்தை உடலின் உயரத்தைவிடப் பெரிதாக வைத்தால் தலைகீழாகப் புரண்டாலும் ஓடும். சரிவுத் தகட்டின் விளிம்பு தரையைத் தொட வேண்டும்: ஒரு தாளை அடியில் தள்ளிப் பாருங்கள், நுழைந்தால் எதிராளியும் நுழைவார்.

ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றம் வழவழப்பானது என்பதால் அங்கே பழகினால் பிடிமானத்தைத் தவறாகக் கணிப்பீர்கள். ஒரு பிளைவுட் பலகையை விரித்து அதன்மேல் ஓட்டுங்கள். வடிவமைப்பை இணையத்தில் தேடும்போது நாட்டையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 454 கிராம் வரை உள்ள ஆன்ட்வெயிட் பிரிவு, பிரிட்டனில் 150 கிராம்தான்.

புதுவயல் எலக்ட்ரானிக்ஸ்:
மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊரில் பேட்டரியைப் பற்றி யாருமே பேசாதது வியப்பாக இருக்கிறது! என்20 மோட்டார்கள் 6 வோல்ட், 12 வோல்ட் என இரு வகையிலும் ஒரே தோற்றத்தில் வருவதால், வாங்கியது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். 6 வோல்ட் மோட்டாரை 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓட்டினால் சீக்கிரம் கருகும். லிப்போவின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். சில நாள் சும்மா வைப்பதானால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். 300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 0.3 ஆம்பியரில், செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில், பக்கத்திலேயே இருந்து சார்ஜ் செய்யுங்கள். தேக்குத் தூணிலிருந்து தள்ளி வைத்தால் ஆத்தங்குடித் தரை இதற்காவது நல்ல இடம். உப்பிய பேட்டரியைப் போட்டிக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

இன்னொன்று: சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ரோபோவைத் தூக்கி வைத்து ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார்கள் உடனே நிற்காவிட்டால் ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரி செய்யும்வரை அதைக் களத்தில் விட அனுமதிக்க மாட்டார்கள்.

கோட்டையூர் மாணவன்:
அனைவருக்கும் நன்றி. வட்டை விட்டுவிடுகிறோம். ஆனால் வெறும் சரிவுத் தகடு என்றால் தோழன் முகம் சுளிக்கிறான். எம்ஜி90எஸ் எனும் சிறிய சர்வோ மோட்டாரை வைத்துத் தூக்கும் கை ஒன்று செய்தால் எதிராளியைப் புரட்ட முடியுமா?

செக்காலை லேத் பட்டறை:
முடியும். அந்தச் சர்வோ 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை தரும்; கை 4 சென்டிமீட்டர் நீளமானால் நுனியில் 450 கிராம் தூக்கும். ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்திப் புரட்ட எதிராளியின் எடையில் பாதிதான் தேவை என்பதால் 5 சென்டிமீட்டர் வரை தைரியமாகப் போகலாம். 8 சென்டிமீட்டர் என்றால் சர்வோ திணறும். பேட்டரியை நேரடியாக அதற்குக் கொடுக்காமல், மோட்டார் கன்ட்ரோலரிலிருந்து வரும் 5 வோல்ட்டைக் கொடுங்கள். கைக்கான துளையை நம் பட்டறைக்கு வந்தால் போட்டுத் தருகிறேன், தம்பி.