பாலூர் சாலையில் சைக்கிள்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

கயல்விழி, வியாழன் இரவு 8:40
மாமா, அத்தை, அண்ணா, எல்லோருக்கும் வணக்கம். புது சைக்கிள் வாங்கியதிலிருந்து புதுச்சேரிச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லாரிகள் தோளை உரசுவதுபோல் கடந்து போகையில், முன்னால் உள்ள தாரைத் தவிர வேறு எதையும் பார்க்க முடிவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரிலிருந்து திருவந்திபுரம், பாலூர் வழியாகத் திருவதிகை வரை போய்த் திரும்பலாம் என்று இருக்கிறேன். அந்தப் பக்கம் போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

முத்துக்குமரன் மாமா, 8:52
வழி நல்ல வழிதான், அம்மா. கெடிலம் ஆற்றின் சமவெளியிலேயே மேற்கே போவதால் ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை; கேப்பர் மலைப் பக்கம் திரும்பினால்தான் கியரை இறக்க வேண்டிவரும். நெல்லிக்குப்பம் வழியாகவும் பண்ருட்டிக்குப் போகலாம் என்றாலும், அது பேருந்துகள் விரட்டிக்கொண்டு ஓடும் சாலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் விடியற்காலை இருட்டில் ஓரமாக நிற்பதும் உண்டு. ஆகவே பாலூர் வழியே போ. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதே.

கயல்விழி, 8:54
ஞாயிற்றுக்கிழமைதானே மாமா சாலை காலியாக இருக்கும்?

அமுதா அத்தை, 8:58
வைகாசி முகூர்த்தம், கண்ணு. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் நல்ல முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல்கூட நடக்கும். வேனும் காரும் விடியுமுன்பே வந்து சாலையின் இரு பக்கமும் நின்றுவிடும். ஒரு மணமகன் வீட்டார் மேளத்தோடு வர, அடுத்த மணமகன் வீட்டார் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. கைப்பேசியில் வரைபடம் பார்த்த நீ, சமையலறையில் தொங்கும் தினசரி நாள்காட்டியையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

செந்தில் அண்ணன், 9:05
அப்படியென்றால் இந்தப் பக்கமே வேண்டாம், கயல். புதுச்சேரியில் என் வீட்டுக்கு முந்தின நாளே வந்துவிடு. வில்லியனூர் வழியாகச் சங்கராபரணி ஆற்றுப் பக்கமாகத் திருவக்கரைக்குப் போவோம். கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஊசுட்டேரியையும் எட்டிப் பார்த்தால் 70 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம். 200 கிலோமீட்டர் பிரவே என்னும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள், இப்போதே தூரத்துக்குப் பழகினால்தானே நல்லது?

முத்துக்குமரன் மாமா, 9:17
திருவக்கரை அருமையான இடம்தான். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் அந்தப் பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்கல் என்பதால், நம் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது அங்கே போய்வர வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் வைகாசி வெயிலில் நிழல் குறைந்த சாலையில் அவளை 70 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கயல், தூரத்தைவிடக் காற்றைக் கவனி. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மேற்கே போகிற உனக்கு அது எதிர்காற்று. மெல்லியதுதான், கால்கள் புதிதாக இருக்கும் நேரம் என்பதால் பெரிதாகத் தெரியாது. அதே காற்று நிற்பதற்குள் நீ திரும்பிவிட்டால் முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து எழுந்துவிட்டால், களைத்துத் திரும்பும் நேரத்தில் அதுவும் உனக்கு எதிர்காற்றாகிவிடும். தாமதமாகக் கிளம்புகிறவனுக்குப் போகவும் எதிர்காற்று, வரவும் எதிர்காற்று. 5:15க்கு மஞ்சக்குப்பத்தை விட்டுக் கிளம்பினால், போகவர 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இந்தத் தூரத்தை, நடுவில் ஒரு தேநீரும் குடித்து, 9 மணிக்குள் முடித்துவிடலாம்.

கயல்விழி, 9:21
சரி மாமா, சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன். டயரில் 100 அளவுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன், போதுமா?

செந்தில் அண்ணன், 9:26
மிகவும் அதிகம். உன்னுடையது 28 மில்லிமீட்டர் டயர். உன் எடைக்கும் ஒட்டுப் போட்ட கிராமத்துச் சாலைக்கும் 65 முதல் 70 பிஎஸ்ஐ போதும், முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் குறைத்தாலும் தவறில்லை. பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவே தவிர, அடிக்க வேண்டிய அளவு அன்று. கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் பிடிமானம் இருக்காது.

அமுதா அத்தை, 9:40
நான் சைக்கிள் பந்தயம் அறியாதவள், ஆனால் நடுவீரப்பட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், அதனால் ஒன்று சொல்கிறேன். பாலூர் தாண்டி உள்ளே போகும் சாலைகளில் இப்போது உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பிப் போட்டிருப்பார்கள். பேருந்தும் வேனும் ஏறி ஏறி மிதித்துக் கொடுக்கும் என்பது கணக்கு. களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? மேலே தாள் மெத்தைபோல் கிடந்தாலும், அடியில் உதிர்ந்த உளுந்து உருண்டைமணியாகத் தாரின் மேல் உருளும். உன் சைக்கிளின் சன்னமான சக்கரம் அதில் ஏறியதும் வளைத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ சறுக்கிவிடும். ஆகவே ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகவே ஓட்டு, முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ.

இன்னொன்றும் இருக்கிறது. தானியத்தின் மேல் மோட்டார் சைக்கிள் ஏறாமல் இருக்க விளிம்பில் செங்கல், கருங்கல், முள் கிளை என்று கிடைத்ததை வரிசையாக வைப்பார்கள். மாலையில் தானியத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு போகும் கைகள் கல்லை எடுக்க மறந்துவிடும். மறுநாள் விடியற்காலை இருட்டில் அந்தக் கற்கள் சாலை நடுவிலேயே கிடக்கும். சாலை காலியாக இருக்கிறதே என்று தலையைக் குனிந்துகொண்டு மிதிக்காதே.

முத்துக்குமரன் மாமா, 9:48
அமுதா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள். முன்விளக்கு உன்னைப் பிறருக்குக் காட்டினால் மட்டும் போதாது, கல்லை உனக்குக் காட்டும் அளவுக்கு வெளிச்சமும் வேண்டும். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து, தாரை விட்டு மண்ணில் இறங்க நேர்ந்தால், உடனே ஏறிவிட அவசரப்படாதே. தார் விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்திருந்தாலும், அதை ஒட்டினாற்போல் சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கிக் கீழே தள்ளிவிடும். நின்று, தூக்கி வைத்து ஏறு. நாய் துரத்தினாலும் நிறுத்தி இறங்கி, சைக்கிளை உனக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் போய்விடும். மிதித்து ஓட ஓடத்தான் அதற்கு வேகம் வரும்.

கயல்விழி, 9:55
இவ்வளவு இருக்கிறது என்று நினைக்கவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும் போட்டு எடுத்துக்கொள்கிறேன். ஹெல்மெட், விளக்கு, ஒரு மாற்று ட்யூப் எல்லாம் தயார். பஞ்சர் ஆனால் அந்த ஊர்க் கடைகளில் ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா?

செந்தில் அண்ணன், 10:02
ஒட்டித் தருவார்கள், காற்றுதான் அடிக்க முடியாது. உன் ட்யூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு. மெல்லியது, நுனியில் உள்ள திருகைத் தளர்த்திய பிறகே காற்று உள்ளே போகும். கடைக் கம்ப்ரசரின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கு ஏற்றது என்பதால் இதில் பொருந்தாது. விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். மற்றபடி, அங்கெல்லாம் பஞ்சர் என்றாலே சீமைக் கருவேல முள்தான். மாற்று ட்யூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பார். முள்ளின் நுனி உடைந்து உள்ளேயே குத்திக்கொண்டிருந்தால் துணி சிக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் புது ட்யூபும் அங்கேயே ஓட்டையாகும்.

அமுதா அத்தை, 10:06
திருவதிகையில் வீரட்டானேசுவரரைக் கும்பிட்டுவிட்டு வா. திலகவதியார் தம்பிக்காகக் காத்திருந்த ஊர். தம்பியை நீயும் கூட்டிக்கொண்டு போனால் எனக்கு நிம்மதி. பண்ருட்டியில் பலாப்பழம் குவிந்திருக்கும், ஆசைப்பட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு வராதே. சுளையாக வாங்கினால் போதும்.

கயல்விழி, 10:09
தம்பி வருகிறானாம் அத்தை, அவனுடைய சைக்கிளில் சாதாரண வால்வுதான். அண்ணா, அந்த அடாப்டர் உங்களிடம் இருக்கிறதா?

செந்தில் அண்ணன், 10:11
இரண்டு இருக்கின்றன. நாளை மாலை கடலூர் வரும்போது ஒன்றை வீட்டில் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் அந்த 100ஐக் குறைத்து வை.