மதியம் மட்டும் பெல்ட் ஸ்கேலில் 7 டன் கூடுதல்: உதவி தேவை

திருமயம்_சூப்பர்வைசர்

வணக்கம். திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவில் ஒரு கிரஷரில் (கல் உடைக்கும் ஆலையில்) சூப்பர்வைசராக இருக்கிறேன். உடைக்க ஜா, கோன், சலிக்க ஸ்கிரீன் என்று வழக்கமான அமைப்புதான். முக்கால் இன்ச் ஜல்லி இறங்கும் பெல்ட்டில், ஓடுகிற கல்லை எடை போட ஒரு பெல்ட் ஸ்கேல் இருக்கிறது. 24 இன்ச் பெல்ட், வினாடிக்கு 1.5 மீட்டர் வேகம், மணிக்கு 60 டன் ஓடும்.

காலை 8 முதல் 12 வரை பெல்ட் ஸ்கேலும், வண்டியை எடை போடும் வே பிரிட்ஜும் ஒத்துப்போகின்றன. மதியம் 1 முதல் 5 வரை பெல்ட் 247 டன் என்கிறது, வே பிரிட்ஜில் 240தான் வருகிறது. பத்து நாளாக இதே கதை. தினமும் ஒன்றரை யூனிட் ஜல்லி எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஐந்தொகை இடிக்கிறது என்று கணக்குப்பிள்ளை முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

மதியம் வே பிரிட்ஜில் உட்காரும் தம்பி சீட்டுப் போடாமல் வண்டியை வெளியே விடுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வருகிற திங்கட்கிழமையோடு அவனை நிறுத்தப் போகிறார்களாம். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை.

பெல்ட் ஸ்கேலில் ஸ்பானை, அதாவது எடையைப் பெருக்கிக் காட்டும் எண்ணை, குறைத்தால் சரியாகுமா? இரண்டு மாதம் முன்னால் குறைவாகக் காட்டியபோது நான்தான் ஸ்பானை ஏற்றிச் சரி செய்தேன்.

கோன்_மெக்கானிக்

கோன் லைனர் (உள் தகடு) தேய்ந்து, கல் நசுங்கி விழும் கேப் அகன்றிருக்கும். சின்ன ஈயக் கட்டியைக் கோனுக்குள் போட்டு, நசுங்கி வருவதை வெர்னியரில் அளந்து பாருங்கள். கல்லை நசுக்கும் மேன்ட்டில் தேயத் தேய முக்கால் இன்ச் குறைந்து ஒன்றரை இன்ச் அதிகமாகும்.

திருமயம்_சூப்பர்வைசர்

அண்ணே, போன வாரம்தான் ஈயம் போட்டுப் பார்த்தோம், கேப் சரியாக இருக்கிறது. ஜல்லி குறைவாக வருவது பிரச்சினையே இல்லை. வருகிற ஜல்லியை இரண்டு தராசும் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

எடைமேடை_தேவகோட்டை

முதலில் வே பிரிட்ஜைச் சந்தேகத்திலிருந்து விடுவியுங்கள். லோடு ஏற்றிய ஒரே வண்டியை முன் முனையில், நடுவில், பின் முனையில் நிறுத்தி மூன்று எடை எடுங்கள். மேடைக்கு அடியில் எடையை உணரும் ஒரு லோட்செல் கெட்டிருந்தால் மூன்றும் மூன்று விதமாக வரும். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வருடாந்திர முத்திரை இருக்கிறதுதானே?

திருமயம்_சூப்பர்வைசர்

முத்திரை இருக்கிறது சார். இன்று காலையும் மதியமும் மூன்று இடத்திலும் நிறுத்திப் பார்த்தேன். 10 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லை. சந்திலும் கல் இல்லை.

கோட்டையூர்_பெல்ட்

தம்பி, தயவுசெய்து ஸ்பானைத் தொடாதீர்கள். குறைவாகக் காட்டினால் ஏற்றுவது, அதிகமாகக் காட்டினால் இறக்குவது என்று போனால் பழுது எங்கே என்பதே மறைந்துவிடும். இருபது வருடமாக பெல்ட் ஸ்கேல்களோடு புழங்குகிறேன், பத்தில் எட்டுத் தடவை குறை இயந்திரப் பக்கத்தில்தான் இருக்கும், மின்னணுப் பெட்டியில் இருக்காது.

உங்கள் பெல்ட்டில் ஒரு மீட்டருக்கு எவ்வளவு கல் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 டன் என்றால் வினாடிக்கு 16.7 கிலோ. அதை 1.5ஆல் வகுத்தால் மீட்டருக்கு 11 கிலோ சொச்சம். அவ்வளவுதான். இதில் மீட்டருக்கு 300 கிராம் பிசகினால் கிட்டத்தட்ட 3 சதவீதம். உங்கள் வித்தியாசமும் 3 சதவீதம்தான். அந்த 300 கிராம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

மூன்று கேள்வி: மதியம் ஏற்றுவது அன்று மதியம் விழுந்த ஜல்லிதானா, பழைய குவியலா? கடைசியாக ஜீரோ (வெறும் பெல்ட் ஓடும்போது மானி பூஜ்யம் காட்டும்படி வைப்பது) எப்போது எடுத்தீர்கள், பெல்ட் எத்தனை சுற்று ஓடியது? மதியம் மட்டும் நடக்கிற வேலை ஏதாவது இருக்கிறதா?

திருமயம்_சூப்பர்வைசர்

மதியம் விழுவதை அப்படியே லோடரில் அள்ளி ஏற்றிவிடுகிறோம், குவியல் நிற்பதில்லை. ஜீரோ எடுத்தது சித்திரையில், சர்வீஸ்காரர் வந்தபோது. எத்தனை சுற்று என்று தெரியவில்லை.

மதியம் மட்டும் நடக்கிற வேலை என்றால், ஆடிக் காற்றுக்குப் பிறகு ஸ்பிரிங்க்ளரைக் கூட்டியிருக்கிறோம். மதியம் காற்று தூக்கும்போது பக்கத்துத் தோப்பில் தூசி விழுகிறது என்று சண்டை. அதனால் 12 மணிக்கு மேல் ஸ்கிரீனிலும் பெல்ட் தலைப்பிலும் (கல் கீழே விழும் முனையிலும்) தண்ணீர் விடுகிறோம்.

கோட்டையூர்_பெல்ட்

சித்திரை வெயிலில் காய்ந்த பெல்ட்டுக்கு எடுத்த ஜீரோ. இப்போது மதியம் ஈரப் பெல்ட் ஓடுகிறது. தண்ணீரும் கல் தூசியும் சேர்ந்தால் களிம்பு மாதிரி பெல்ட்டில் அப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். ஸ்கேலுக்கு அதுவும் ஜல்லிதான்.

நாளை செய்ய வேண்டியது. காலை வேலை தொடங்கும் முன் வெறும் பெல்ட்டை முழுச் சுற்றாக மூன்று சுற்று ஓடவிட்டு மானியைப் பாருங்கள். பெல்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணுங்கள்; ஜாயின்ட் இருக்கும் இடம் கனமாக இருக்கும் என்பதால் அரைச் சுற்றில் நிறுத்தினால் கணக்கு தப்பும். மதியம் 3 மணிக்கு ஃபீடை (கல் வருவதை) நிறுத்தி, பெல்ட் காலியானதும் அதே மாதிரி பாருங்கள். அப்புறம் ஒரு டிப்பரை வெறும் வண்டியாக எடை போட்டு, நேராக பெல்ட் தலைப்புக்குக் கீழே நிறுத்தி நிரப்புங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

பெல்ட்டை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிய பிறகு, பெல்ட்டோடு உருண்டு வேகத்தை அளக்கும் ஸ்பீடு வீலையும் பாருங்கள். ஓடுகிற பெல்ட்டுக்குள் கை விடவே கூடாது.

சிவகங்கை_கருப்பு

ஸ்பீடு வீல் பற்றி அண்ணன் சொன்னது முக்கியம். நான் கிராஃபைட் தூளோடு வேலை பார்த்தவன். அந்த வழவழப்பில் வீல் வழுக்கிக் குறைவாகக் காட்டும். உங்கள் கல் தூசி நேர்மாறு, ஒட்டும். ஆனால் ஒட்டி வீல் பருத்தாலும் சுற்று குறையும், டன்னும் குறைவாகத்தான் காட்டும்.

திருமயம்_சூப்பர்வைசர்

அண்ணே, கிடைத்துவிட்டது. கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

காலை 7 மணிக்கு வெறும் பெல்ட், மூன்று சுற்று: ஜீரோவை ஒட்டித்தான் நின்றது. மதியம் 3 மணி, பெல்ட்டில் ஒரு கல்கூட இல்லை, மானியில் மணிக்கு 1.6 டன் ஓடுகிறது! நான்கு மணி நேரத்துக்கு 6.4 டன். பத்து நாளாகத் தேடிய ஜல்லி அதுதான்.

டிப்பர்: காலையில் பெல்ட் 16.02, வே பிரிட்ஜ் 15.98. மதியம் பெல்ட் 16.54, வே பிரிட்ஜ் 16.10.

ஸ்பீடு வீலில் கல் தூசி சிமென்ட் மாதிரி இறுகி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிடித்திருந்தது. உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தேன், ஓடு ஓடாகக் கழன்றது. வீல் 150 மில்லிமீட்டர், அது 156 ஆகியிருந்தது. ஆனால் சுத்தம் செய்து ஓட்டினால் இப்போது காலையிலும் 4 சதவீதம் அதிகம் காட்டுகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

கோட்டையூர்_பெல்ட்

ஒன்றும் கெடவில்லை. 150 என்பது 156 ஆனால் சுற்று குறைந்து கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவாகக் காட்டும். அந்தக் குறைவைத்தான் நீங்கள் இரண்டு மாதம் முன்னால் ஸ்பானை ஏற்றி ஈடுகட்டினீர்கள். வீலில் இருந்த பூச்சு போய்விட்டது, ஏற்றிய ஸ்பான் அப்படியே நிற்கிறது. மாட்டியபோது இருந்த பழைய ஸ்பான் எண் எங்காவது இருக்கிறதா?

திருமயம்_சூப்பர்வைசர்

பெட்டிக் கதவின் உள்பக்கம் சர்வீஸ்காரர் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: 1842. இப்போது 1915.

கோட்டையூர்_பெல்ட்

1842ஐ 1.04ஆல் பெருக்குங்கள், 1915 சொச்சம் வருகிறது பாருங்கள். பழைய எண்ணைப் போடுங்கள். அப்புறம் பெல்ட் தலைப்பில் ஒரு ஸ்கிரேப்பர் (சுரண்டும் பட்டை) மாட்டுங்கள், அப்புவதில் பெரும்பகுதி அங்கேயே வழிந்துவிடும். மீதிக்கு, தண்ணீர் திறந்து அரை மணி கழித்து ஃபீடை நிறுத்தி ஒரு ஜீரோ எடுங்கள். மாலை தண்ணீரை மூடி பெல்ட்டைக் கழுவிய பிறகு இன்னொன்று.

எடை போடும் ரோலரையும் அதற்கு இரு பக்கமும் இரண்டிரண்டு ரோலரையும் நைலான் கயிறு கட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம்கூட அங்கே எடையாகத் தெரியும்.

திருமயம்_சூப்பர்வைசர்

ஸ்பான் 1842 போட்டாயிற்று. பழைய பெல்ட் ரப்பரை வெட்டி ஸ்கிரேப்பர் கட்டியிருக்கிறோம், இப்போதைக்கு ஓடும். இன்று மதியம் பெல்ட் 238.6, வே பிரிட்ஜ் 238.1.

முதலாளியை 3 மணிக்கு பெல்ட் பக்கம் அழைத்துவந்து, ஸ்கிரேப்பரைக் கழற்றி, வெறும் பெல்ட் ஓடும்போது மானியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேராக வே பிரிட்ஜ் அறைக்குப் போய்த் தம்பியிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவன் வேலைக்கு வருகிறான். மதிய ஜீரோவை இனி அவனே எடுத்து நோட்டில் எழுதப் போகிறான், சுண்ணாம்புக் கட்டியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.