மறுமொழி: லேபிள் பிரிண்டர் மெனுவில் 'கோட் பேஜ்' – தமிழில் என்ன?

வணக்கம். லேபிள் பிரிண்டர் மெனுவில் வரும் 'கோட் பேஜ்' (எந்த எண் வந்தால் எந்த எழுத்தை அச்சிடுவது என்று பிரிண்டர் பார்த்துக்கொள்ளும் பட்டியல்) என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> 'குறிப்பக்கம்' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் அதே மெனுவில் 'பக்க அளவு', 'பக்க அமைப்பு' எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 'குறிப்பக்கம்' என்று பார்க்கிறவர், ஏதோ குறிப்பு எழுதும் பக்கம் என்றுதான் நினைப்பார்.

> அப்படியானால் இலங்கை வழக்கில் உள்ள 'வரியுருத் தொகுதி'?

நல்ல சொல். அதை 'கேரக்டர் செட்' என்பதற்கே வைத்துக்கொள்வோம். தொகுதி என்பது எந்தெந்த எழுத்துகள் உள்ளன என்பதோடு நின்றுவிடும்; இங்கே தகராறு எண்களில். 850, விண்டோஸ் 1252 என்ற இரண்டு கோட் பேஜ்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் இரண்டிலும் ஏறத்தாழ அவையேதான், இடம்தான் வேறு. ஜெர்மனில் 'யூ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைப்பார்களே, அது 850-இல் 129, 1252-இல் 252. கணினி 1252 கணக்கில் 252 என்று அனுப்பி, பிரிண்டர் 850-இல் இருந்தால், மியூனிக் நகரின் ஜெர்மன் பெயருக்குள் மேலே ஏறிய சின்ன 3 வந்து உட்காரும். பிரிண்டர் 437 என்ற இன்னொரு கோட் பேஜில் இருந்தால் அதே இடத்தில் ஆங்கில 'என்' எழுத்து சின்னதாக வரும். இதைப் பார்த்ததும் பலரும் முதலில் ஃபான்ட்டைத்தான் மாற்றுகிறார்கள். ஃபான்ட்டில் ஒரு குறையும் இல்லை!

அதனால் என் பரிந்துரை 'எழுத்தெண் அட்டவணை'. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை, அவ்வளவுதான். 'எழுத்து எண்ணிக்கை' சிலருக்கு நினைவுக்கு வரலாம். 'அட்டவணை' கூடவே வருவதால் குழப்பாது. 'கோட் பாயின்ட்' (ஒரு எழுத்துக்குரிய எண்) என்பதற்கும் 'எழுத்தெண்' தனியாகக் கிடைத்துவிடுகிறது.

'மொழித் தேர்வு' மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிண்டர் திரையில் மெனு எந்த மொழியில் வர வேண்டும் என்பதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. அதோடு, மொழியைத் தேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் தருகிறது. தமிழுக்கு யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை அனுப்பும் ஒரு முறை) தேர்ந்தாலும் போதாது: தமிழ் ஃபான்ட் பிரிண்டருக்குள் இருக்க வேண்டும், 'கொ' என்பதில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கும் திறனும் வேண்டும். அது இல்லாத பிரிண்டருக்கு எழுத்தைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. யூடிஎஃப்-8 அட்டவணை அல்ல, குறியாக்கம்; அதாவது எழுத்தெண்களை பைட்டுகளாக எழுதும் முறை. ஆனாலும் பிரிண்டர் மெனுக்களில் 437, 850-ஓடு அதே வரிசையில்தான் நிற்கிறது. தலைப்பை 'எழுத்தெண் அட்டவணை / குறியாக்கம்' என்று நீட்டலாமா, இப்படியே விடலாமா? மெனு மொழிபெயர்ப்பில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள்.