குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாத பிள்ளைகளுக்கு உதவி வேண்டும்

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் உறுப்பினர்களிடம் கேட்கிறோம்.

இங்கே குடிவரவு வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது. பள்ளிக்கூடம் போகும் வயதே ஆகாத குழந்தைக்கும் அதே விதிதான். எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் உண்டு. இது பெரிய அநியாயம். 2025 மார்ச்சில் சுமார் 26,000 பிள்ளைகளின் சட்ட உதவி ஒப்பந்தத்தை அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது.

முகவரியில்தான் பல வழக்குகள் கெடுகின்றன. வீடு மாறினால் 5 வேலை நாட்களுக்குள் இ.ஓ.ஐ.ஆர்.-33 என்ற முகவரி மாற்றப் படிவத்தை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போகும், பிள்ளை ஆஜராகாது, அன்றே நாடுகடத்தும் உத்தரவு வரலாம்.

பெற்றோர் கைவிட்ட பிள்ளைக்குச் சிறப்புக் குடியேற்றச் சிறார் தகுதி உண்டு; இது நிரந்தரமாக இங்கே தங்க வழி தரும். முதலில் பெற்றோர் கைவிட்டதை உறுதிசெய்யும் மாநில நீதிமன்ற உத்தரவு, பிறகு இந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்கும் ஐ-360 படிவம். 21 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றாலும், பல மாநிலங்களில் 18 ஆனதும் அந்த உத்தரவு வாங்குவது கடினம். அதனால் 17 வயதுப் பிள்ளைகள்தான் எங்களுக்கு முதல் அவசரம்.

குடும்ப நீதிமன்ற அனுபவமுள்ள வக்கீல்கள் வேண்டும். குடிவரவுச் சட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாநில உத்தரவுக்கு உங்கள் அனுபவமே போதும். ஸ்பானிஷ் பேசுபவர்களும், விசாரணை நாளில் காரில் அழைத்துப்போகிறவர்களும் வேண்டும். வக்கீல் அல்லாதவர்கள் எந்தப் படிவம் போடலாம் என்று மட்டும் ஆலோசனை சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மாநிலம், ஓய்வான வாரநாள் இரண்டையும் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரோ ஏ-எண்ணோ (குடிவரவுத் துறை தரும் அடையாள எண்) இங்கே வேண்டாம்.