கச்சா கிளிசரினில் போட்டால் ஈ.கோலை சிவக்க மாட்டேன் என்கிறது

வணக்கம். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புரியும். இறுதியாண்டு மாணவி. லைகோபீன் (தக்காளியில் இருக்கும் சிவப்பு நிறமி) தயாரிக்க மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா 3 வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

ரகம் டிஎச்5 ஆல்ஃபா என்ற ஆய்வக ஈ.கோலை. அதற்குள் ஏற்றிய பிளாஸ்மிடில் (சிறிய டிஎன்ஏ வளையம்) லைகோபீன் உண்டாக்கும் பன்டோயா பாக்டீரியாவின் மூன்று மரபணுக்கள்: சிஆர்டி-ஈ, பி, ஐ. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பும் உண்டு. 30 டிகிரி, குலுக்கியில் நிமிடத்துக்கு 200 சுற்று. சுத்தமான கிளிசரினில் வளர்த்தால் 2 நாளில் செல் வண்டல் சிராப் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். செம்பனை எண்ணெயில் பயோடீசல் எடுத்தபின் மிஞ்சும் கச்சா கிளிசரினில் போட்டால்தான் வம்பு. மெதுவாக வளர்கிறது, வண்டலோ தயிர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. எனக்கு இந்தக் கழிவுதான் வேண்டும். சுத்தமானதை விலை கொடுத்து வாங்கினால் ஆய்வுக்கே அர்த்தமில்லை.

கந்தக அமிலம் விட்டு பிஎச் 3-க்கு இறக்கினேன். சோப்பு உடைந்து மேலே பழுப்பாக ஒரு கொழுப்புப் படலம் மிதந்தது, அதை வழித்தெடுத்துவிட்டு மறுபடி 7-க்குக் கொண்டுவந்தேன். மெத்தனால் போக, புகைபோக்கி அறையில் சூடாக்கினேன். காற்று போதவில்லையோ என்று குடுவையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிப் பார்த்தேன். அப்புறம் ஆன்டிபயாட்டிக்கையும் புதிதாகக் கரைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. வெளுத்த செல்களை எடுத்து குளோராம்பெனிகால் கலந்த எல்பி (பாக்டீரியா வளர்க்கும் ஊட்ட ஊடகம்) தட்டில் இழுத்தால் நன்றாக முளைக்கின்றன, ஆனால் பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

மிச்சமிருக்கும் உப்பும் சோப்பும் காரணமா, இல்லை லைகோபீன் தயாரிக்கும் சுமை தாங்காமல் பிளாஸ்மிடில் மரபணுவே சிதைந்துவிட்டதா? முதலில் எதைச் சோதிக்கட்டும்?