அப்பாவோட பல்ஸ், மனச்சோர்வு: அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, நாலு மாசம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஆளே மாறிட்டாரு, பேப்பரை மடிப்பு கூட பிரிக்காம மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு, விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு. மாத்திரை போட்டும் சும்மா இருக்கும்போதே பல்ஸ் 88, 90. ஹோல்டர் (நாள் முழுக்க இதயத் துடிப்பை பதிவு பண்ற சின்ன மெஷின்) மாட்டி பாத்த டாக்டர், துடிப்புக்கு துடிப்பு இருக்கவேண்டிய ஏற்ற இறக்கம் ரொம்ப கம்மியா இருக்கு, மனச்சோர்வும் காரணமா இருக்கலாம், சைக்யாட்ரிஸ்ட்கிட்ட காட்டுங்கன்னாரு.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: இதயத்தை அது பாட்டுக்கு விட்டா நிமிஷத்துக்கு 100 கிட்ட அடிக்குமாம், மூளையிலேர்ந்து வர்ற வேகஸ் நரம்புதான் பிரேக் மாதிரி புடிச்சு 70க்கு கொண்டு வருது, மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகி விடும்போது மெதுவாகறதும் அதாலதான். மனச்சோர்வுல அந்தப் பிடி தளர்ந்துடலாமாம். 1993ல வெளியான ஒரு ஆய்வுல, கனடாவோட மான்ட்ரியால்ல ஹார்ட் அட்டாக் வந்த 222 பேரை கவனிச்சதுல, மனச்சோர்வு இருந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள இறக்கறது கூடுதலா இருந்துச்சுன்னு படிச்சதுலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல.

ஆனா அப்பா "எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு"ன்னு கிளம்பவே மாட்டேங்கறாரு. அம்மா கெஞ்சியும் பாத்துட்டாங்க. உங்க வீட்ல யாரையாவது இப்படி சம்மதிக்க வெச்சிருந்தா என்ன சொல்லி கூட்டிட்டு போனீங்க? மனச்சோர்வுக்கு குடுக்கற மாத்திரைல அமிட்ரிப்டிலின் மாதிரி பழையதுங்க இதயத்துக்கு ஆகாது, செர்ட்ரலின் பரவால்லங்கறாங்க, அதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன். ஸ்டென்ட்டுக்கு அப்புறம் செர்ட்ரலின் எடுத்தவங்க இருந்தா, தூக்கமும் பல்ஸும் எத்தனை வாரத்துல சரியாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்.