பிரிட்ஜ் பிடிங் குறிப்புகளை எதில் எழுதி வைக்கிறீர்கள்? மலையகத்து அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒரு சிஸ்டம், அதாவது ஏலத்தில் எந்த பிட் (கேட்பு) சொன்னால் என்ன அர்த்தம் என்று பார்ட்னரோடு செய்துகொள்ளும் ஏற்பாடு, எடுத்து ஆடத் தொடங்கிவிட்டால் குறிப்பு எழுதாமல் தப்ப முடியாது. சொல்லக்கூடிய பிட் 35தான். அதோடு பாஸ், டபுள், ரீடபுள். ஆனால் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் வரக்கூடிய ஏலங்களின் தொகை 128 போட்டு அதன் பின்னால் 45 பூச்சியம். நாமும் பார்ட்னரும் பேசி வைப்பது அதில் ஒரு ஓரம்கூட இல்லை. அந்த ஓரமே கொப்பி கொப்பியாகப் போகிறது. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இது. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்குத் துரும்பும் கூட்டாளியும் புதிதில்லை. ஆனால் அங்கே எவ்வளவுக்குக் கேட்கிறாய் என்பதோடு விஷயம் முடிந்தது. இங்கே 1 நோட்ரம்புக்கு (துரும்பு இல்லாத ஆட்டம்) 2 கிளப் என்று பார்ட்னரின் பதில் வந்தால் கையில் கிளப் இருக்க வேண்டும் என்றே இல்லை; "நாலு ஹார்ட்டோ நாலு ஸ்பேடோ வைத்திருக்கிறாயா" என்று கேட்கிறார். அதற்கு மூன்று பதில், ஒவ்வொரு பதிலுக்கும் மேலே போக நாலைந்து வழி. இப்படிக் கிளைவிடும் ஒன்றை எந்த மென்பொருளில் எழுதுவது?

நான் முதலில் பிடித்தது எக்செல். தோட்ட ஒபிசில் செக்ரோலை (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) எக்செலில் போட்டுப் பழகிய கை. பிட் ஒரு நிரல், புள்ளி (பெரிய சீட்டுகளின் மதிப்பு) ஒரு நிரல், கையின் அமைப்பு ஒன்று, போர்சிங்கா (பார்ட்னர் பாஸ் சொல்லக் கூடாததா) இல்லையா என்பது ஒன்று. வரிசைகளைக் குரூப் செய்தால் 1 ஸ்பேடுக்குக் கீழே உள்ள அத்தனையையும் ஒரு கூட்டல் குறிக்குள் மடித்து வைக்கலாம். எட்டு மட்டம் வரை போகும். கணினியில் பார்க்க நல்ல அழகு. ஒரு தொல்லை உண்டு: 1 நோட்ரம்ப் பதிலுக்கு 6-9 புள்ளி என்று அடித்தால் எக்செல் அதை செப்டம்பர் 6 ஆக்கிவிடும். 10-12 டிசம்பர் 10 ஆகும். 15-17 மட்டும் தப்பும், பதினேழாம் மாதம் என்று ஒன்று இல்லையே! அந்த நிரலை அடிக்கும் முன்பே டெக்ஸ்ட் என்று வைத்துவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் செப்டம்பருக்குப் பதிலாக ஏதோ ஐந்திலக்க எண் வந்து நிற்கும்.

அதையெல்லாம் சமாளித்துவிடலாம். என் பார்ட்னரைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர் பொகவந்தலாவையில் ஆசிரியர். படிப்பதெல்லாம் பஸ்ஸில், போனில். எக்செல் தாளைப் போனில் திறந்தால், கடைசி நிரலைப் பார்க்க இழுக்கும்போது முதல் நிரலில் இருந்த பிட் திரைக்கு வெளியே போய்விடும். அவர் திறப்பதையே விட்டுவிட்டார். பார்ட்னர் திறக்காத கோப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்து என்ன பயன்? எல்லாவற்றையும் கூகுள் டொக்ஸுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தொடக்க பிட்டும் ஒரு தலைப்பு, பதில்கள் அதன் கீழ் உட்தலைப்பு. பக்கவாட்டில் வரும் பட்டியலைத் தொட்டால் நேரே அந்த இடத்துக்குப் போகிறது. நோர்வூட்டைத் தாண்டினால் எங்கே சிக்னல் இருக்கும் எங்கே இருக்காது என்று சொல்ல முடியாது, அதனால் இணையமில்லாமலும் திறக்கும்படி முதலிலேயே போனில் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது படிக்கிறார். கேள்வியும் கேட்கிறார், அதுதான் புதுத் தலைவலி.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் வீட்டில் நானும் கணவரும்தான் ஜோடி. வேர்டில் எழுதி அச்சடித்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது வழக்கம். சூட் அடையாளங்களுக்கு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 3 அடித்தால் ♥, 4 ♦, 5 ♣, 6 ♠. லப்டொப்பில் எண் பலகை இல்லாவிட்டால் ஓட்டோ கரெக்டில் ஒரு சுருக்கம் போட்டுக்கொள்ளலாம். இதே அடையாளங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் ♥ தடித்த சிவப்பு இதயமாகிவிடுகிறது. 1♥, 2♥, 4♥ என்று நான் அவருக்கு அனுப்பிய மெசேஜை மகள் பார்த்துவிட்டு, இந்த வயதில் காதல் கடிதம் மாதிரி இதெல்லாம் என்ன என்று கேட்டாள்.

அச்சுப் பிரதியில் உள்ள ஆபத்தைச் சொல்ல வேண்டும். 1♥ தொடக்கத்துக்கு 2 நோட்ரம்ப் என்றால் 11-12 புள்ளி, சமமான கை என்று வைத்திருந்தோம். பிறகு ஜேகபி 2 நோட்ரம்புக்கு மாறினோம்: நாலு ஹார்ட் ஆதரவு, கேம் (போனஸ் தரும் ஏல அளவு, ஹார்ட்டில் 4♥) வரை நிறுத்தக் கூடாது. கோப்பில் மாற்றியாயிற்று. கணவர் கையில் இருந்ததோ பழைய அச்சு. நான் 2 நோட்ரம்ப் சொல்ல, அவர் குறைந்த புள்ளி என்று பாஸ் சொல்ல, 4♥ சுகமாக வரும் கையை 2 நோட்ரம்பில் ஆடினோம். அன்று இராச்சாப்பாடு சத்தமில்லாமல் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திகதி தானாக விழும்படி செய்தேன். பழைய திகதித் தாள் அடுப்புக்கு. ஹட்டன் அண்ணன் சொல்லும் கூகுள் டொக்ஸில் யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்ற வரலாறும் இருக்கிறது. தம்பதிகளுக்கு அந்த ஒரு வசதிக்காகவே சிபாரிசு செய்வேன்.

பேராதனையிலிருந்து:

அண்ணன், அக்கா இருவரும் பிஎம்எல் பக்கம் போகவில்லையே. பிரிட்ஜ் பிடிங்குக்கென்றே உள்ள குறியீட்டு மொழி அது, இலவசம். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். பிட்டை எழுதி விளக்கத்தை எழுதுகிறோம். பதிலை அடுத்த வரியில் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுகிறோம். அதற்கான மறுபதில் இன்னும் உள்ளே. அக்காவின் ஜேகபி இப்படி வரும்:

1♥
. . 2 நோட்ரம்ப்: 4+ ஹார்ட், கேம் உறுதி
. . . . 3♣: கிளப்பில் ஒன்று அல்லது ஒன்றுமில்லை
. . . . 3♥: ஒற்றைச் சீட்டுள்ள சூட் இல்லை, 18+ புள்ளி
. . . . 4♥: ஒற்றை இல்லை, தொடக்கம் மெலிந்தது

வரித் தொடக்கத்தில் நான் போட்ட புள்ளிகளுக்குப் பதில் அங்கே வெற்றிடம். ஆச்சரியக்குறியும் சூட்டின் ஆங்கில முதலெழுத்தும் அடித்தால் அது ♠, ♥ என்று தானே மாறிக்கொள்ளும். இந்தக் கோப்பை பைத்தான் மொழியில் எழுதிய ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால் இணையப் பக்கமாகவோ லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக நல்ல அச்சாகவோ தரும். எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பகுதியை ஒரு முறை எழுதி வேறு இடங்களில் ஒட்டும் வசதி. நம் 1 நோட்ரம்ப் தொடக்கத்துக்கு எழுதிய ஸ்டேமனும் (அண்ணன் சொன்ன 2 கிளப் கேள்வி) ட்ரான்ஸ்பரும் (அடுத்த சூட்டைப் பார்ட்னரைச் சொல்ல வைக்கும் பிட்), எதிராளி 1♦ திறந்து நாம் 1 நோட்ரம்ப் சொன்னபோதும் அப்படியே செல்லும் என்று வைத்தால், இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்திவிடும். வேர்டில் இரண்டு இடத்தில் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது சர்வசாதாரணம்.

குறை? பைத்தான் நிறுவ வேண்டும், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். பழகாதவர்களுக்கு அந்த இடத்திலேயே போதும் என்றாகிவிடும். ஜோடியில் ஒருவருக்குத் தெரிந்தால் போதுமானது. மற்றவருக்கு வந்த பக்கத்தை அனுப்பிவிடலாம். சிஸ்டம் சின்னது என்றால் இதற்கு மெனக்கெட வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து:

பிள்ளைகள் நிறையச் சொல்கிறீர்கள். நான் எக்கோல் சிஸ்டம் ஆடுகிறவன்: நாலு கார்ட் இருந்தாலே மேஜர் (ஸ்பேட், ஹார்ட்) திறக்கலாம், 1 நோட்ரம்புக்கு 12-14 புள்ளி. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றேன், தட்டச்சு கைவந்த கலை. அதனால் சிஸ்டம் முழுவதையும் தமிழிலேயே அடித்து வைத்தேன், பாமினியில். என் கணினியில் ஒரு குறையும் இல்லை. பேரன் அதைப் போனில் திறந்தால் அவ்வளவும் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அப்படித்தான் தெரியுமாம்.

இன்னொன்று. 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம் இருந்ததே, அப்போது என்னிடம் பேசியது கொப்பி மட்டும்தான். எவ்வளவு நல்ல மென்பொருள் வைத்திருந்தாலும் இரண்டு பக்கத்துக்கு ஒரு சுருக்கம் கடதாசியில் இருக்கட்டும். கொன்வென்ஷன் கார்ட் (நம் சிஸ்டத்தின் சுருக்க அட்டை) எப்படியும் எதிராளிக்குக் காட்ட வைத்திருக்க வேண்டியதுதானே. அதையே கவனமாக நிரப்பினால் பாதிக் குறிப்பு முடிந்தது. நீளமான கோப்பை எழுதிவிட்டு கார்டை வெறுமையாக விடுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

ஹட்டனிலிருந்து:

ஐயா சொன்னதால் ஒரு சந்தேகம். ஒன்லைனில் ஆடும்போது பக்கத்து ஜன்னலில் நம் குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா? பார்ட்னர் கேட்கிறார்.

நுவரெலியாவிலிருந்து:

கூடாது தம்பி. 2017 சட்டங்களில் 40ஆவது விதி: ஏலம் நடக்கும்போதும் ஆட்டம் நடக்கும்போதும் நினைவுக்கு உதவும் எதையும் பார்க்க உரிமை இல்லை, போட்டி நடத்துகிறவர்கள் அனுமதித்தால் தவிர. நம் கார்டை எதிராளி பார்க்கலாம், நாம் பார்க்கக் கூடாது. ரோபோவுடன் தனியாகப் பயிற்சி எடுக்கும்போது எதை வேண்டுமானாலும் திறந்து வையுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு கோப்பைத் திறந்து, தடுமாறிய ஏலத்தை அன்றைக்கே எழுதிவிடச் சொல்லுங்கள் பார்ட்னரிடம். அடுத்த நாளுக்கு வைத்தால் இருவருக்கும் வேறு வேறு கதை நினைவிருக்கும்.

பேராதனையிலிருந்து:

ஐயா, அந்தப் பாமினி கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் உடனே வந்துவிடும். ஒரே சிக்கல், இடையில் ஆங்கிலத்தில் அடித்த பிட்கள். அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழ் எழுத்தாக மாற்றிவிடும். அந்த வரிகளுக்கு முதலில் வேறு நிறம் கொடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு பழைய கோப்பில் நிறம் கொடுத்த வரிகளை மட்டும் பார்த்துத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பென் டிரைவில் போட்டுப் பேரனிடம் கொடுத்துவிட்டால் நானே செய்து தருகிறேன். எக்கோலில் 1♠ தொடக்கத்துக்கு 2♥ பதில் சொல்ல எத்தனை ஹார்ட் வைத்திருக்கிறீர்கள் என்றும் எனக்குப் பார்க்க வேண்டும்.